நான்காவது தட்டு

எங்கள் வீட்டில் யாரும் அடுத்தவர் தட்டைப் பார்ப்பதில்லை. இது என் தகப்பனார் ஆதிமூலம் வைத்த ஒழுங்கு. அவர் காலத்தில் ஒரு விருந்தின்போது, சம்பந்தி வீட்டார் ஒருவர் பக்கத்து இலைக்காரரைப் பார்த்து, "இன்னா, எட்டாவது இட்லியா?" என்று கேட்டுவிட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு எங்கள் படியை அவர் மிதிக்கவே இல்லை. என் தகப்பனார் அன்றே சொல்லிவிட்டார்: இந்த வீட்டில் எல்லாரும் கிழக்கு பார்த்து ஒரே வரிசையில் உட்கார வேண்டும். மூத்தவரிடம் தொடங்கி பாத்திரம் கைமாறி வர வேண்டும். அவரவருக்கு வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு எடுத்தாய், ஏன் கொஞ்சமாக எடுத்தாய் என்ற பேச்சே கூடாது.

அந்த ஒழுங்கில் இன்றுவரை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு கெட்ட பெயர் வந்ததில்லை. நைனார்பாளையத்தில் கேட்டுப் பாருங்கள். எங்கள் கொல்லை நிலத்தில் கரும்பு வெட்ட வரும் ஆட்கள் தூக்குப்பாத்திரம் கொண்டுவருவதில்லை. ராமசாமி வீட்டில் வேலை என்றால் சாப்பாடு அங்கேதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது வரிசையில் நாங்கள் ஐந்து பேர். முதலில் நான், ராமசாமி. எனக்கு மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. என் தம்பி குடும்பம்தான் என் குடும்பம். எனக்கு அடுத்து தம்பி வீரமுத்து. அடுத்து அவன் மகன் ஆகாஷ், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நான்காவதாக அவன் தங்கை ரம்யா, பத்தாம் வகுப்பு. கடைசியில் தம்பி மனைவி ஜெயசுதா. சமைத்து இறக்கிவிட்டு முகம் கழுவி வந்து உட்காருவாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் மார்கரெட் தன் ஸ்கூட்டரில் ரம்யாவைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். ரம்யாவின் முட்டியெல்லாம் செம்மண். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"வெள்ளிமலைல மேட்ச்சுங்க ஐயா. மலைப் பொண்ணுங்களோட கபடி. ரெய்டு போனவ நடுக் கோட்டுலயே ஒக்காந்துட்டா. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சாம். அந்தப் பொண்ணுங்கதான் வெல்லம் கரைச்சிக் குடுத்துச்சிங்க."

"வெயிலு ஜாஸ்தி."

"வெயிலு எல்லாருக்குந்தான். மத்தவங்க நிக்கிறாங்களே." மார்கரெட் டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிமேல் வைத்தார். "வர்ற வழியில ஆஸ்பத்திரில காட்டினேன். ரத்தம் கம்மி, எடை கம்மி. வேற ஒண்ணும் இல்ல. பொண்ணுக்குச் சாப்பாடு பத்தலைன்னு சொல்லிட்டாங்க."

தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் குடத்தோடு நின்றாள். குடம் நிரம்பியிருந்தும் அவள் நகரவில்லை. பொழுது சாய்வதற்குள் இது ஊர் முழுக்கப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

"டீச்சர்," என்றேன், "இந்த வூட்ல சாப்பாடு பத்தலைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

"வூட்ல சோறு இல்லன்னு நான் சொல்லலைங்க. இவ வயித்துக்குப் போவலைன்னு சொல்றேன். சரி, காலைல இன்னா சாப்புட்றா? எவ்ளோ சாப்புட்றா?"

நான் வீரமுத்துவைப் பார்த்தேன். அவன் ஜெயசுதாவைப் பார்த்தான். ஜெயசுதா தன் மகளைப் பார்த்தாள். ரம்யா தரையைப் பார்த்தாள். ஐந்து பேர் தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில், அந்தப் பெண் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"இந்த வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து நானூறு கலோரி வேணும். இவ ஆடுற ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்கூல்ல சத்துணவு முட்டையாவது சாப்புடுடீன்னா மாட்டேன்றா. வூட்ல திட்டுவாங்களாம்."

"எங்க வூட்டுப் பொண்ணு தட்டத் தூக்கிக்கினு போய் நிக்காது."

மார்கரெட் டீச்சர் மரியாதையாகவே சொன்னார்: "ஐயா, கள்ளக்குறிச்சில மாவட்ட டீம் தேர்வுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்குது. அதுக்குள்ள இவ தேறலைன்னா நான் கூட்டிக்கினு போவ மாட்டேன். ஆட்டத்துல மயங்கி வுழுந்து கழுத்து கிழுத்து திரும்பிச்சின்னா யாரு பதில் சொல்றது?"

ரம்யா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து விடியுமுன் எழுந்து மைதானத்துக்கு ஓடுகிற பெண். அந்தத் தேர்வைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சு வந்து நாளாகிவிட்டது. அழவில்லை. உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

டீச்சர் சொன்னது தவறு என்று காட்ட வேண்டும். அதுதான் முதலில் என் மனதில் இருந்தது. அதற்கு முன்னால், அவர் சொன்னது என்ன என்று தெரிய வேண்டுமே. கலோரி என்ற வார்த்தையை பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் பார்த்திருக்கிறேன். அது எடையா, சத்தா, விலை மாதிரி ஏதாவதா என்று எனக்கு விளங்கியதில்லை. டீச்சரிடம் கேட்க மனம் வரவில்லை. ஆகாஷைக் கூப்பிட்டேன்.

"அது டீசல் மாதிரி பெரியப்பா," என்றான். "டிராக்டரு சும்மா நின்னுகினு இருந்தாலும் இஞ்சின் ஓடுதில்ல, அதுக்குக் கொஞ்சம் டீசல் போவும். ஏரு பூட்டினா ஜாஸ்தி போவும். எந்தச் சாப்பாட்டுல எவ்ளோ டீசல் இருக்குதுன்னு சொல்றதுதான் கலோரி."

"அப்படின்னா ரம்யா இன்னா டிராக்டரு?"

"அவ இன்னும் கம்பெனில செஞ்சிக்கினு இருக்குற டிராக்டரு. எலும்பு வளருது, ரத்தம் ஊறணும். ஓடவும் ஓடணும், ஓடும்போதே பாடியும் கட்டணும். அதான் அவ்ளோ வேணும்."

"எனக்கு எவ்ளோ?"

போனில் எதையோ தட்டினான். "உங்க வயசுக்கு ஆயிரத்து எழுநூறு. மிஞ்சிப் போனா ஆயிரத்து எண்ணூறு."

எனக்குக் கோபம் வந்தது. "இன்னாடா பேசுற? நான் இந்த வூட்டுக்குப் பெரியவன். தெனமும் கொல்லைய ஒரு சுத்து சுத்தி வர்றேன். இம்மாந்துண்டு பொண்ணுக்கு வேண்டியது எனக்கு வேணாமா?"

"அவ வளந்துகினு இருக்கா. நீங்க வளந்து முடிச்சிட்டீங்க பெரியப்பா."

சமையலறையில் ஜெயசுதா சிரிப்பை அடக்குவது கேட்டது.

அந்தக் கோபத்தில்தான் நான் தராசை எடுத்தேன். விதை நிறுப்பதற்கு வாங்கிய எலக்ட்ரானிக் தராசு. அடுத்தவர் தட்டைப் பார்க்கத்தான் தடை. என் தட்டை நான் பார்க்கத் தடை இல்லை. ஒரு நாள் முழுக்க நான் சாப்பிட்டதையெல்லாம் சாப்பிடும் முன் நிறுத்தேன். சோறு, குழம்பு, கூட்டு, மோர், காலை இட்லி, சாயங்காலம் இரண்டு டீக்கு நடுவில் கொறித்த முறுக்கு. ஒன்றொன்றாக நான் சொல்லச் சொல்ல ஆகாஷ் போனில் கணக்குப் போட்டான். கடைசியில் அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"பெரியப்பா, ரெண்டாயிரத்து ஐந்நூறு. நீங்க கபடி ஆடலாம்."

அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒரு சாதாரணக் கைப்பிடி வேர்க்கடலையில் ஒரு கிண்ணம் சோற்றுக்குச் சமமான கலோரி இருக்கிறது. இரண்டு முறுக்கின் கலோரி ஒரு முட்டையைத் தாண்டிவிடுகிறது. ஆனால் முட்டையில் இருப்பது முறுக்கில் இல்லை. கணக்கில் ஒன்றுபோல இருப்பதெல்லாம் உடம்புக்கு ஒன்றில்லை என்று ஆகாஷ் விளக்கினான். ரத்தம் ஊறக் கீரை, பயறு, முட்டை. சதை கட்டப் பருப்பு. ஓடுவதற்குச் சோறு. எழுபது வருஷமாக மூன்று வேளையும் சாப்பிட்டவன் நான். சாப்பாட்டைப் பற்றி இதையெல்லாம் அதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை.

அடுத்த நாள் பாத்திரங்களை நிறுத்தேன். அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒருமுறை, பந்தி முடிந்ததும் ஒருமுறை. போகும்போது நிறைந்திருந்த பாத்திரங்கள் திரும்பும்போது காலியாக வந்தன. ஐந்து பேருக்கும் சேர்த்து எவ்வளவு வேண்டும் என்று ஆகாஷ் கூட்டிச் சொன்னான். சமைத்தது அதற்குக் குறைவில்லை. நான் மார்கரெட் டீச்சருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், அளந்து பாத்துட்டேன். எங்க வூட்டுப் பானையில குறையில்ல."

"பானைக் கணக்கு சரிங்க ஐயா. அவ வயித்துக் கணக்கு இன்னா?"

போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சமைப்பது போதுமான அளவு. மிச்சம் ஒன்றும் இல்லை. நாய்க்குப் போவதும் இல்லை. அப்படியானால் ரம்யாவின் பங்கு எங்கே போகிறது? அவளையே கேட்டிருக்கலாம். ஆனால் எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்பதுதான் எங்கள் வீட்டில் இல்லாத பேச்சு. ஆகவே யோசித்தேன். தட்டைப் பார்க்கக் கூடாது என்றுதானே என் தகப்பனார் சொன்னார்? பாத்திரத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. நாங்கள் மூன்று ஆண்கள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் வழித்துவிடுகிறோமோ, அவளிடம் போகும்போது பாத்திரம் காலியோ என்று ஒரு சந்தேகம் வந்தது. முட்டி வலிக்கிறது, சுவரில் சாய வேண்டும் என்று சொல்லி, அன்று ராத்திரி ரம்யாவுக்கும் ஜெயசுதாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

முட்டைக் குழம்பு. ஐந்து முட்டை. பாத்திரம் ரம்யாவைத் தாண்டி என்னிடம் வந்தது. உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. ஆண்கள் இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று எடுத்திருக்கிறார்கள், ரம்யா எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் பிடிக்காது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோறு பாதிப் பானை இருந்தது. கூட்டு தாராளமாக இருந்தது. நாலு பேருக்குப் போதுமான சாப்பாடு இரண்டு பேருக்காகக் காத்திருந்தது.

எனக்கு மனது நிறைந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் ஒருத்தி எடுக்கவில்லை என்றால் அவளுக்குப் பசி இல்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டின்மேல் ஒரு குறையும் இல்லை. மறுநாள் என் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டேன். பச்சையம்மாள் எதிர்ப்பட்டு, "இன்னாங்க, பொண்ணுக்கு ஒடம்பு எப்பிடி? ஊரெல்லாம் சோறு போட்ற வூடாச்சே," என்று இழுத்தபோதுகூட, "நல்லா இருக்கா" என்று நிமிர்ந்தே சொன்னேன்.

ஆனால் ரம்யா நன்றாக இல்லை. பள்ளி விட்டு வந்தால் பையைக்கூட இறக்காமல் சுருண்டு படுத்துக்கொண்டாள். ஆகாஷ், "ஏய், டீசல் தீந்துபோச்சா?" என்று சீண்டினால் தலையணையை எடுத்து வீசக்கூட எழவில்லை.

அந்த நேரத்தில் ரிஷிவந்தியத்தில் கோயில் திருவிழா வந்தது. ஜெயசுதாவின் தாய்வீடு அங்கே. அவள் ஒரு வாரம் போய்விட்டாள். ரம்யாவும் ஆகாஷும் சமைத்தார்கள். அளவு தெரியாமல் வழக்கமான அதே படி அரிசியைப் போட்டார்கள். குழம்பு சில நாள் குழம்பாக இருந்தது, சில நாள் இல்லை. பாத்திரங்கள் மட்டும் எப்போதும்போல் காலியாகத் திரும்பின.

அந்த வாரக் கடைசியில் சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் மார்கரெட் டீச்சரைப் பார்த்தேன். அவரே வண்டியை நிறுத்தினார்.

"ஐயா, இன்னா குடுத்தீங்க? நாலு நாளா பேய் மாதிரி ஓட்றா! நேத்து ரெண்டு பேர மேல தொத்திக்கவுட்டு இழுத்துக்கினு வந்து கோட்டத் தொட்டா."

"ஒண்ணும் புதுசா குடுக்கலையே."

"அப்ப எத நிறுத்தினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். எதை நிறுத்தினோம்? அதே அரிசி. அதே பருப்பு. சமையல் முன்னைவிட மோசம். வீட்டில் மாறியது ஒன்றே ஒன்று. வரிசையில் ஜெயசுதா இல்லை. பெற்ற மகளின் சாப்பாட்டைத் தாயே சாப்பிடுகிறாளா? பசியில் விழுந்தாள் என்ற பேச்சைவிட இது பெரிய அவமானம். அவள் ஊரிலிருந்து வரும்வரை இதை யாரிடமும் சொல்லவில்லை.

வந்த அன்று, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"கடைசில ஒக்காந்தா உனக்குக் குழம்பு கிழம்பு எதாவது மிஞ்சுதாம்மா?"

"அத ஏன் கேக்குறீங்க மாமா, எப்பவும் நெறைய தான் வரும்," என்றாள் ஜெயசுதா சிரித்தபடி. "புள்ளைங்கல்லாம் வயிறு முட்ட சாப்புட்டு மீதி தானன்னு நெனச்சிக்குவேன். வீணாப் போவக்கூடாதில்ல? வழிச்சிப் போட்டுக்கினு நானே சாப்புட்டுடுவேன். சட்டி காலியா கழுவினாத்தான் எனக்கு நிம்மதி. பாருங்க, எப்பிடி ஊதிப் போயிட்டேன்னு."

அவள் முகத்தில் கபடம் இல்லை. அப்போதுதான் மூன்று விஷயங்கள் சேர்ந்து நினைவில் நின்றன. ஜெயசுதா கடைசியில் இருந்தபோது அவளுக்கு நிறைய வந்தது. அவள் இடத்துக்கு முன்னால் நான் போய் உட்கார்ந்தபோது எனக்கும் நிறைய வந்தது. ரம்யாவுக்குப் பின்னால் யாருமே இல்லாதபோது, ரம்யா பானையைக் காலி செய்தாள், பேய் மாதிரி ஓடினாள்.

அந்தப் பெண் தனக்குப் பின்னால் இருப்பவருக்காக விட்டுவைக்கிறாள். நாளெல்லாம் அடுப்பிலும் மாட்டுக்கொட்டகையிலும் வேலை செய்யும் அம்மாவுக்குப் பற்றாமல் போய்விடுமோ என்று விட்டுவைக்கிறாள். அம்மாவுக்கு எவ்வளவு போதும் என்று அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? தட்டைப் பார்க்கக் கூடாதே. தெரியாதவள் குறைத்து வைக்க மாட்டாள், கூட்டித்தான் வைப்பாள். அம்மா அதை மீதி என்று நினைத்துச் சாப்பிட்டாள்.

ஜெயசுதாவிடம் சொன்னேன். ஈரக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ மாமா… அவ பங்கையா நான் தின்னுகினு இருந்தேன்?"

"அழுவாத. உன்மேல தப்பில்ல. நாளைலருந்து நீ அவளுக்கு முன்னால ஒக்காரு. அவ கடைசில ஒக்காரட்டும்."

முடிந்தது என்று நினைத்தேன். எவ்வளவு எளிது. இரண்டு பேர் இடம் மாறினால் போதும். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பால் கறக்கப் போன ஜெயசுதா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றல். விஷயம் தெரிந்த தாய் அல்லவா? இப்போது அவள் தன் மகளுக்காக விட்டுவைத்திருக்கிறாள். அங்கே ரம்யா தனக்கு வந்த மலையளவு சோற்றைத் தின்ன முடியாமல் தின்றுவிட்டு, ஓட முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இடத்தைத்தான் மாற்றினேன். பசி ஒரு இடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

தேர்வுக்கு மூன்று வாரத்துக்கும் குறைவாகவே இருந்தது. மார்கரெட் டீச்சர் தகவல் அனுப்பியிருந்தார்: ஒரு வாரம் நன்றாக ஆடுகிறாள், ஒரு வாரம் ஆட முடியவில்லை. இப்படிப்பட்டவளை நம்பி எப்படிக் கூட்டிப்போவது? ரம்யா அதைத் தன் போனில் படித்ததை நான் பார்த்தேன். தன் விளையாட்டுச் சட்டையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டேன்.

"இன்னைலருந்து வரிசை கிடையாது. வட்டமா ஒக்காரணும். பாத்திரம் நடுவுல. எல்லார் தட்டும் எல்லாருக்கும் தெரியணும்."

வீரமுத்து திகைத்துப்போனான். என் எதிரில் ஒருநாளும் குரல் உயர்த்தாதவன். "ண்ணா… அப்பா வச்ச ஒழுங்கு. நம்ம வூட்டு மானமே அதுல தான இருக்குதுன்னு நீங்களே சொல்லுவீங்க."

"அப்பா அத வச்சது வந்தவன் மானத்துக்கு. வந்தவன் மனசு நோவக்கூடாதுன்னு. நம்ம பொண்ணு விருந்தாளி இல்ல. விருந்து வந்தா வரிசை. நாம மட்டும்னா வட்டம்."

அவன் தலையாட்டினான். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். என் தகப்பனார் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஒரு வீட்டின் ஒழுங்கு அந்த வீட்டுப் பெண்ணை மயங்கி விழ வைத்தால், அதை மாற்றும் உரிமையும் கடமையும் அந்த வீட்டுப் பெரியவனுக்கு உண்டு.

ஆனாலும் முதல் பந்தி சங்கடமாகத்தான் இருந்தது. யாருக்கும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆகாஷ்தான் முதலில் பேசினான்.

"பெரியப்பா, என் தட்ட அப்பிடிப் பாக்காதீங்க. கண்ணு பட்டுடப் போவுது."

"உன் தட்டப் பாத்தா எனக்குத்தான்டா கண்ணு வலிக்குது. கீரைய எங்க ஒளிச்சி வச்சிருக்க?"

ஜெயசுதா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் ரம்யாவின் தட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பிறந்து பதினைந்து வருஷமாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். ஒரு கரண்டிச் சோறு. அதன் ஓரத்தில் கொஞ்சம் குழம்பு. பூனைக்கு வைப்பதுகூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

"இம்மாந்தானா?"

"போதும் பெரியப்பா."

"போதாது. உங்கம்மா தட்டப் பாரு."

அவள் தயங்கித் தயங்கிப் பார்த்தாள். ஜெயசுதா தன் தட்டைச் சற்றுச் சாய்த்துக் காட்டினாள். சோறு இருந்தது, பருப்பு இருந்தது, முட்டை இருந்தது.

"இப்ப பானையப் பாரு. இன்னும் இவ்ளோ இருக்குது. யாருக்காவ வுட்டு வைக்கிற?"

ரம்யா பானையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கரண்டியை எடுத்தாள். ஒன்று போட்டாள். எங்களைப் பார்த்தாள். இன்னொன்று போட்டாள்.

"அம்மாவுக்குப் பத்தாதோன்னுதான் பெரியப்பா…" என்று மட்டும் சொன்னாள். ஜெயசுதா ஒரு முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கு ஆள் வாத்தியாராகிவிட்டார்கள். மைதானத்துக்குப் போகும் முன் அவளுக்கு வாழைப்பழமும் ஊறவைத்த கடலையும். வந்ததும் இட்லி, சாம்பார். ராத்திரி சோற்றோடு பயறோ முட்டையோ ஒன்று கட்டாயம். நான் மூன்றாவது முறை கரண்டியைத் தொட்டால், "பெரியப்பா, உங்க கோட்டா முடிஞ்சிது" என்று ஆகாஷ் பாத்திரத்தை இழுத்துக்கொண்டான். முறுக்கும் நின்றது. படி ஏறும்போது மூச்சு வாங்குவது எனக்குக் குறைந்தது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

ஒருநாள் ரம்யா பள்ளிக்குக் கிளம்பியபோது கூப்பிட்டேன்.

"ஸ்கூல்ல முட்ட குடுத்தா வாங்கிச் சாப்புடு."

"தட்டு தூக்கிக்கினு வரிசைல நிக்கணும் பெரியப்பா."

"நில்லு. எல்லாப் புள்ளைங்களும் நிக்கிதில்ல? நம்ம வூட்டுப் புள்ள நிமிந்து நிக்கட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓடினாள்.

தேர்வுக்கு நானும் கள்ளக்குறிச்சி போனேன். பெண்கள் கபடி ஆடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மார்கரெட் டீச்சர் எனக்கு நாற்காலி போட்டார். ரம்யாவை அவர் அழைத்து வந்ததே கடைசி நேரத்தில்தான். மூன்று நாள் தொடர்ந்து அவள் ஆடுவதைப் பார்த்த பிறகுதான் சரி என்றிருந்தார். "இன்னைக்கி எப்பிடின்னு பாப்போம் ஐயா" என்றார். அவர் குரலில் உறுதி இல்லை.

எதிரில் பல ஊர்ப் பெண்கள். வெள்ளிமலையிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்களில் உயரமான ஒருத்தி ரம்யாவின் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள், இன்னும் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். புழுதி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். புழுதி அடங்கியபோது ரம்யா முட்டியைத் தட்டிவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மறுபடி ரெய்டு போனாள். மறுபடி விழுந்தாள். மறுபடி எழுந்தாள். சாயங்காலம் வரை அதுவே. மற்றவர்கள் தண்ணீருக்கு ஓடியபோதும் அவள் கோட்டருகே குதித்துக்கொண்டே நின்றாள். அவள் உட்காரவே இல்லை.

தேர்வுக் குழுவினர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஒன்பதாவதாக, "ஆர். வி. ரம்யா, நைனார்பாளையம்" என்றார்கள். பெயருக்கு முன்னால் என் எழுத்தையும் தன் அப்பா எழுத்தையும் சேர்த்து அவள் கொடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மார்கரெட் டீச்சர் கைதட்டினார். வெள்ளிமலைப் பெண் பெயரும் வந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பிறகு ரம்யா புழுதி படிந்த முகத்தோடு நேராக என்னிடம் வந்தாள். அத்தனை பேர் சுற்றி நிற்கும்போது, கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்:

"பெரியப்பா, பசிக்குது."

"இன்னா வேணும்?"

"ரெண்டு முட்ட தோச. ஒரு பொங்கல். அப்பறம் ஒரு சப்பாத்தி செட்டு, சுண்டல் இருந்தா சுண்டல். ஒரு பாலு."

நான் மனதுக்குள் கலோரி கூட்ட ஆரம்பித்தேன். சப்பாத்தி வரைக்கும் வந்தேன். அதற்குமேல் விட்டுவிட்டு, ஓட்டல் எந்தப் பக்கம் என்று மார்கரெட் டீச்சரிடம் கேட்டேன்.